பல்கலைக்கழக மேடை யாருக்கு?

பல்கலைக்கழக விழா என்றாலே பட்டமளிப்பும் கறுப்பு அங்கியும்தான் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். நான் சொல்ல வருவது வேறு.

1941 ஆகஸ்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு நடந்தது. கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக மட்டும் தலைகாட்டிய காலம். அது மாற வேண்டும் என்று ராஜா அண்ணாமலை செட்டியார் முன்நின்றார். கல்கியும் ராஜாஜியும் டி.கே.சி.யும் பக்கபலம். எதிர்ப்பும் பலமாகவே இருந்தது. ஆனாலும் 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் வந்துவிட்டது. பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரக் குறிப்போடு தொகுதி தொகுதியாக அச்சிட்டது. இதில்தான் எனக்கு மரியாதை அதிகம். பாட்டு வித்வானின் தொண்டையோடு போய்விடாமல், சுரம் படிக்கத் தெரிந்த எவர் கைக்கும் வந்து சேர்ந்ததே!

கலசப்பாக்கத்தில் எங்கள் தெருத் தறிக்காரர்கள் பாட்டு கேட்டுக்கொண்டேதான் பட்டு நெய்வார்கள். பாவில் இழை அறுந்தால் மட்டும் நாடா நிற்கும், ரேடியோ நிற்காது. 1942இல் வந்த 'நந்தனார்' படத்தின் தண்டபாணி தேசிகர் பாட்டு வந்தால், தார் சுற்றுகிற பெரியம்மாவும் கூடவே முணுமுணுப்பார். தேசிகர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைத் தலைவராக இருந்தவர் என்று அவரிடம் சொன்னேன்.

"அங்கெல்லாம் நம்மள உள்ள விடுவாங்களாப்பா?" என்றார்.

நியாயமான கேள்வி. பல்கலைக்கழகத்தாரே, சொற்பொழிவையும் கச்சேரியையும் வேலை நாள் காலையில் வைக்காதீர்கள். ஞாயிறு மாலையில் வையுங்கள். அழைப்பிதழை பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டுங்கள். வருஷத்தில் ஒரு நாள் ஆரணி, போளூர் பக்கமும் மேடை போடுங்கள். பெரியம்மாவை நான் கூட்டி வருகிறேன்.