அம்மாவின் செவியும் எங்கள் வரைபடமும்

ஃபஜ்ருக்குப் பின் ஹெட்போன் அணிந்து குர்ஆன் ஓதிப் பழகுவது எங்கள் அம்மாவுக்கு ஓராண்டுக்கால வழக்கம். அவர் கேட்பது எகிப்தின் காரி மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி அவர்களின் ஓதல். முழுக் குர்ஆனும் முதன்முதலில் ஒலிப்பதிவாக 1961இல் வெளிவந்தது அவருடைய குரலில்தான். அம்மா ஒரு வசனத்தைக் கேட்பார், நிறுத்துவார், தாமும் ஓதுவார்.

அந்த ஹெட்போன் அன்னவாசல் கடைத்தெருவில் வாங்கிய மலிவான சரக்கு. எங்கள் காதுகளை அது கீறியது. ஆகவே சவூதியிலிருந்து விடுமுறைக்கு வந்த தம்பி நல்லதொன்றைக் கொண்டுவந்தான். அதிர்வெண் வரைபடம் பார்த்துத் தேர்ந்தெடுத்தது அது. 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை எந்த ஓசை எவ்வளவு உரத்து ஒலிக்கிறது என்பதைச் செயற்கைச் செவியில் பொருத்தி அளந்து கோடாக வரைகிறார்கள். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் உடன் ஆய்வாளர்களும் பலரைக் கேட்கச் செய்து, பெரும்பாலோர் விரும்பும் கோடு ஒன்றையும் வகுத்திருக்கின்றனர். புதிய ஹெட்போன் அக்கோட்டை ஒட்டியே சென்றது. பழையதற்கு வரைபடமே கிடையாது.

இரண்டு நாள் கேட்டுவிட்டு அம்மா பழையதையே எடுத்தார். "இதுலதான் எழுத்து விளங்குது. அதுல ஸாவும் ஸீனும் ஒண்ணாக் கேக்குது" என்றார். நாங்கள் சிரித்தோம், பழக்கம்தான் காரணம் என்றோம். அம்மா வாதாடவில்லை. ஆனால் அவர் ஓதும் குரல் நாளுக்கு நாள் தாழ்ந்தது. தமக்கு ஓத வராது என்று எண்ணத் தொடங்கியிருந்தார். சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரட்டைக் கூலி உண்டு என்று சொல்லியிருக்க வேண்டிய பிள்ளைகள், கைப்பேசியில் கோடுகளைக் காட்டிக்கொண்டிருந்தோம்.

காது இரைச்சலுக்காகப் புதுக்கோட்டையில் மருத்துவரிடம் சென்றபோது இன்னொரு வரைபடம் கைக்கு வந்தது: செவித்திறன் சோதனைத் தாள். தாழ்ந்த ஓசைகளில் குறையில்லை. 3,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் கோடு சரிந்தது. வயது ஏற ஏற உயர்ந்த ஓசைகளே முதலில் மங்குகின்றன. ஸா, ஸீன், ஃபா ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் ஓசையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. எங்களைக் கீறிய அந்த மலிவான கூர்மை, அம்மாவின் குறையைச் சற்றே ஈடுசெய்திருக்கிறது. தம்பி காட்டிய வரைபடத்தில் பிழையில்லை. அம்மாவின் செவி அதில் இடம்பெறவில்லை, அவ்வளவுதான்.

வீடு திரும்பும்போது குடுமியான்மலை நினைவுக்கு வந்தது. அங்குள்ள ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டைப் பள்ளிப் பருவத்தில் பார்த்திருக்கிறோம். பாறையில் ஏழு பகுதிகளாகச் சுரங்களை வெட்டியிருக்கிறார்கள். எழுத்தைப் படிக்க முடிகிறது. எப்படிப் பாடினார்கள் என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. கேட்டுச் சொல்லும் தொடர் அறுந்துவிட்டது. முஸ்ஹஃபில் மத்துக் குறிகளெல்லாம் இருந்தும், குர்ஆன் உஸ்தாதின் வாயிலிருந்து மாணவரின் செவிக்கே வந்துகொண்டிருக்கிறது. அந்தச் செவி தளர்ந்தால் என்ன செய்வது?

கைப்பேசியில் உயர்ந்த ஓசைகளைக் கூட்டி, புதிய ஹெட்போனை மீண்டும் கொடுத்தோம். "பரவாயில்லை" என்றார். தெருவிலுள்ள ஆலிமாவிடம் விவரம் சொன்னோம். அவர் வாரம் இரு நாள் வந்து அம்மாவின் எதிரே, வெளிச்சத்தில் முகம் தெரிய அமர்கிறார். ஸாவுக்கு நாக்கின் நுனி பற்களுக்கிடையே தெரிகிறது, ஸீனுக்குத் தெரிவதில்லை. அம்மா அதைப் பார்த்தே ஓதுகிறார். குரல் இப்போது வாசல்வரை கேட்கிறது. பழைய ஹெட்போனில் ஒரு பக்கத்துப் பஞ்சு கிழிந்துவிட்டது. அதையும் தைத்து வைத்திருக்கிறார்.