புகையிலைப் பெட்டிக்குள் மசாலா

பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் முதல் உலகப் போர் கண்ணில் படுகிறது. குண்டுவீச்சில் இடிந்துபோன துணிச்சந்தை மண்டபத்தை முழுதாக எழுப்பி முடிக்கவே 1967 ஆகிவிட்டதாம். அதைத் தாண்டி மெனின் வாயில் பக்கம் நடந்தால், போர்க்காலப் பழம்பொருள் கடைகள். பழைய புகையிலைப் பெட்டிகள் மீது தீராத ஆசை கொண்ட நான் அங்கிருந்து லேசில் நகர்வேனா?

கடைக்காரப் பெரியவர் ஒரு பித்தளைப் பெட்டியை என் உள்ளங்கையில் வைத்தார். 5 அங்குல நீளம், மூன்றேகால் அங்குல அகலம். மூடியின் நடுவே இலைவளையத்துக்குள் ஓர் இளம்பெண்ணின் பக்கவாட்டு முகம். இருபுறமும் ‘எம்’ என்ற எழுத்து. கீழே, போர்க்கப்பல்களின் முகப்புக்கு இடையில் ‘கிறிஸ்துமஸ் 1914’. விரல் ஓட்டினால் ஒவ்வொரு புடைப்பும் தெரிகிறது.

அந்தப் பெண் இங்கிலாந்து இளவரசி மேரி. அப்போது அவருக்கு 17 வயது. கடலிலும் களத்திலும் இருக்கும் ஒவ்வொருவருக்கும் கிறிஸ்துமஸ் பரிசு அனுப்ப வேண்டும் என்று 1914 அக்டோபரில் மக்களிடம் நிதி கேட்டார். பணம் குவிந்தது. புகைப்பவர்களுக்கு ஓர் அவுன்ஸ் புகையிலையும் 20 சிகரெட்டும் குழாயும், புகைக்காதவர்களுக்கு மிட்டாயும், பென்சிலும் தாளும் கொண்ட எழுதுபையும், செவிலியருக்குச் சாக்லேட்டும். பிறகு திட்டம் விரிந்து, 25 லட்சம் பேருக்கு மேல் பெட்டி போய்ச் சேர்ந்தது.

அத்தனை பெட்டிக்குப் பித்தளை எங்கே கிடைக்கும்? தோட்டா உறைகளுக்கும் அதே உலோகம்தானே வேண்டும்! அமெரிக்காவிலிருந்து தகடு வரவழைத்தார்கள். அதில் ஒரு பங்கு, 1915 மே மாதம் ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கிய லூசிடானியா கப்பலோடு கடலில் மூழ்கியது. பிந்திய பெட்டிகள் சில மட்டமான உலோகத்தில் முலாம் பூசியவை. அவற்றில் மூலை தேய்ந்த இடத்தில் உள்நிறம் எட்டிப் பார்க்கும்.

என்னை உலுக்கிய செய்தி வேறு. இந்தியச் சிப்பாய்களுக்கென்று தனிப் பட்டியல் இருந்தது. சீக்கியர்கள் புகையிலையைத் தொடமாட்டார்கள் என்பதால் அவர்களுக்குக் கற்கண்டும் ஒரு சிறு டப்பா மசாலாவும். கூர்க்காக்களுக்கு ஆங்கிலச் சிப்பாய்க்கு உள்ளதே. மற்ற இந்தியர்களுக்குச் சிகரெட்டோடு கற்கண்டும் மசாலாவும்.

லாகூர், மீரட் டிவிஷன்கள் 1914 அக்டோபர் கடைசியில் இந்தப் போர்முனைக்கு வந்து சேர்ந்திருந்தன. அந்த மாதம் 31ஆம் தேதி ஈப்பருக்கு அருகே ஹோலபெக்கில், தோழர்கள் அனைவரும் வீழ்ந்த பிறகும் இயந்திரத் துப்பாக்கியை விடாமல் இயக்கினார் குதாதத் கான். விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் அவர்தான்.

மூடியை மறுபடி பார்த்தேன். பெல்ஜியம், ஜப்பான், மான்டிநீக்ரோ, செர்பியா, பிரான்ஸ், ரஷ்யா என்று நேசநாடுகளின் பெயர்கள் சுற்றிலும் இருக்கின்றன. இந்தியா இல்லை. உச்சியில் லத்தீனில் பொறித்த ‘பிரிட்டிஷ் சாம்ராஜ்யம்’ அதை விழுங்கிவிட்டது. வெளியே பெயர் இல்லாத நாட்டுக்காரனின் நாக்கு எதைக் கேட்கும் என்பதை மட்டும் உள்ளே யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

மாலை 8 மணிக்கு மெனின் வாயிலில் எக்காளம் முழங்கியது. உடல் கிடைக்காத 54,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறித்த சுவர்கள் அவை. அவற்றில் இந்தியப் பெயர்களைத் தேடித்தேடி வாசித்தேன்.

புகையிலை தீர்ந்த பிறகு இந்தப் பெட்டிகளில் கடிதமும் புகைப்படமும் பதக்கமும் வைத்தார்கள். பலர் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் இத்தனை பெட்டிகள் மிஞ்சியிருக்கின்றன. சேகரிப்பவர்கள் பித்தளையின் மெருகையும், பொட்டலம் பிரிக்காமல் இருக்கிறதா என்பதையும் பார்த்து விலை பேசுவார்கள். நான் இனிமேல் முதலில் கேட்கப்போவது, இது யாருடைய சட்டைப்பையில் இருந்தது என்பதைத்தான்.