சுவரின் வியர்வை

அத்திவாரம் என்பது நம் ஊரவர்க்கு நிலத்துக்குள் மறைந்து கிடக்கும் ஒரு பொருள். கல்லும் சீமெந்தும் இட்டு நிரப்பி, மண்ணைப் போட்டு மிதித்துவிட்டால் பின்னர் அதனை ஒருவரும் நினைப்பதில்லை. கனடாவிலோ அத்திவாரத்துக்குள்ளேயே மனிதர் குடியிருக்கின்றனர். தொலைபேசியில் பேசும் பிள்ளைகள் "பேஸ்மென்ற்" என்று கூறும் அந்த நிலக்கீழ் அறை எத்தகையது, அதன் சுவருக்குப் போர்வை எதற்கு என்பதனை, ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியிலே பழைய வீடொன்றை வாங்கி, அதன் அடியில் இரண்டு கோடைகளைக் கழித்த எமது அனுபவத்தைக்கொண்டு இங்கே எழுதுகின்றோம். வரும் புரட்டாதியில் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வரவிருக்கும் எமது தங்கையின் மகன் உறங்கப்போவது அவ்வறையிலேதான்.

நிலத்தின் கீழ் அறை அமைக்கும் வழக்கம் ஆடம்பரத்தினால் வந்ததன்று. மாரியில் அங்கே மண்ணிலுள்ள நீர் உறைகின்றது. உறைந்த நீர் பருக்கும். பருத்தால் தன்மேல் இருப்பதைத் தூக்கும். ரொறன்ரோவில் இவ்வுறைவு ஏறத்தாழ 4 அடி ஆழம்வரை செல்லக்கூடும் என்று கொண்டு, அதற்குக் கீழேயே அத்திவாரத்தின் அடியை வைக்கின்றனர். நாலு அடி தோண்டியவன் இன்னும் மூன்று அடி தோண்டினால் ஓர் அறை கிடைக்கும் அல்லவா? அந்த இலாபந்தான் பேஸ்மென்ற். 1983ஆம் ஆண்டின் பின்னர் அந்நகரை அடைந்த நம்மவருட் பலருக்கு முதல் வீடாக அமைந்தது இத்தகைய அறையே. அவர்கள் அதனைக் குறைகூறிப் பேசுவது அரிது. குறைந்த வாடகைக்குக் கிடைத்த கூரையைப் பழிக்க மனம் வருவதில்லைப் போலும்.

நாம் வாங்கிய வீட்டின் நிலக்கீழ் அறை பார்வைக்கு அழகாகவே இருந்தது. சுவர் தெரியாதபடி நாற்புறமும் மரப்பலகை அடித்திருந்தனர். ஆயினும், நெடுநாள் திறவாத புத்தகப் பெட்டியைத் திறந்தாற்போல ஒரு மணம் அங்கே எப்போதும் நின்றது. வீட்டை விற்றவர் அவ்வறையை இரு மாணவர்க்கு வாடகைக்கு விட்டிருந்தாராம். அவர்களை நாம் கண்டதில்லை. கட்டில் கிடந்த மூலையில், பலகையின்மேல் பென்சிலால் எழுதிய பாட நேரசூசி ஒன்று மாத்திரம் எஞ்சியிருந்தது. அப்பலகையைக் கழற்றியபோது பின்னால் ஒரு பொலித்தீன் தாள். தாளின் உட்புறமெங்கும் நீர்த்துளிகள். அதன் பின்னே நனைந்து கனத்துத் தொங்கிய கண்ணாடிநார்ப் பஞ்சு. முழங்கால் உயரம்வரை கரும்பூஞ்சணம். அந்தப் பூஞ்சணத்துக்கும் தலையணைக்கும் இடையில் இருந்தது அரை அங்குலப் பலகை. தங்கையின் மகனை இங்கே படுக்கவைப்பதா என்று வீட்டில் எழுந்த கேள்விக்கு அன்று எவரும் விடை கூறவில்லை.

வெளியிலிருந்து மழைநீர் கசிந்திருக்கும் என்றே முதலில் எண்ணினோம். ஒரு பங்கு அவ்வாறு வந்ததுதான். கூரைப் பீலியின் நீர் சுவரோரத்திலேயே கொட்டியது. வளவின் மண்ணும் வெளிப்புறம் வாட்டமாக இராமல் வீட்டை நோக்கிச் சரிந்திருந்தது. ஆயினும் மழையே பெய்யாத உறைபனி மாதங்களிலும் சுவர் நனைந்ததே, அந்நீர் எங்கிருந்து வந்தது?

பனிக்கட்டியில் வைத்தெடுத்த சோடாப் போத்தலைக் கொழும்பிலே மேசைமேல் வைத்தால் அது சிறிது நேரத்தில் வியர்ப்பதைக் காண்கின்றோம். அது போத்தலின் உள்ளிருந்து கசிந்ததன்று. காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த கண்ணாடியிற் பட்டு ஒடுங்கியது. நிலக்கீழ் அறையின் சுவரும் ஒரு பெரிய சோடாப் போத்தலே. வீட்டுக்குள் வெப்பம் 21 பாகை செல்சியஸாகவும் சார்ஈரப்பதன் நூற்றுக்கு 40 ஆகவும் இருந்தால், அக்காற்றின் பனிபடுநிலை ஏறத்தாழ 7 பாகையாகும். அதற்குக் கீழே குளிர்ந்த எப்பொருளின்மீதும் நீர் அரும்பும். பலகையை அகற்றிய முதல் மாரியில், சுவரின் மேற்பகுதியில் நாம் வைத்த வெப்பமானி 4 பாகை காட்டியது. மனிதர் விடும் மூச்சு, அடுப்பில் கொதிக்கும் சோறு, குளியலறையின் ஆவி ஆகியவை யாவும் அங்கே சென்று நீராகின்றன. அவ்விரு மாணவரும் இரவில் விட்ட மூச்சே பஞ்சினூடு சென்று அவர்களது சுவரை நனைத்தது என்று அறிந்தபோது மனம் என்னவோ செய்தது. பஞ்சு வெப்பத்தைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. பொருத்துகள் ஒட்டப்படாத தாளோ, ஈரக்காற்றை ஓரங்களால் உள்ளே விட்டது. உள்ளே போன ஈரத்தை உலரவிடாமலும் காத்துக்கொண்டது.

கோடையில் இதைவிட வேடிக்கை. ஊரிலிருந்து வந்திருந்த மாமி, மணத்தைப் போக்குவதற்கு யன்னல்களை எல்லாம் திறந்துவிட்டார். காற்றாடினால் ஈரம் போகும் என்பது நாம் எல்லோரும் பாலுடன் பருகிய அறிவு. யாழ்ப்பாணத்தில் அது சரியே. ஆனால் ஆடி மாதத்து ரொறன்ரோக் காற்றின் பனிபடுநிலை 18, 20 பாகைவரை ஏறும் நாட்கள் உண்டு. மண்ணோடு ஒட்டிய சுவரும் தரையும் அப்போதும் குளிர்ந்தே இருக்கும். திறந்த யன்னலால் நாம் அழைத்துவந்தது ஈரத்தையே. மூன்றாம் நாள் தரை வழுக்கியது. யன்னலைச் சாத்தி ஈரமுறிஞ்சும் பொறியை ஓடவிட்டபோது, மாமி அதன் வாளியில் நிறைந்த நீரை எடுத்துப்போய்த் தக்காளிக் கன்றுகளுக்கு ஊற்றினார். யன்னலைச் சாத்தியதை மட்டும் அவர் இன்றுவரை ஒப்பவில்லை.

நிற்க. வேலைக்கு வந்த கொந்திராத்துக்காரர் நம்மவர். வடமராட்சியில் மேசனாக இருந்தவர். பழையபடியே பஞ்சும் தாளும் வைத்து மூடிவிடலாம், செலவும் குறைவு என்றார். "அண்ணை, சுவரை மறைச்சுப் பலகை அடிச்சால் உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு ஆர் பாக்கப்போகினம்?" என்று அவர் கேட்டதில் வஞ்சகம் இல்லை, பலரும் கேட்பதையே அவர் கூறினார். "பாக்கமாட்டினம் தம்பி, சுவாசிப்பினம்" என்றோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, பின்னர் அளவுநாடாவை எடுத்தார்.

சுவருக்கு வெளிப்புறத்திலே காவலிடுவதே சிறந்தது. போர்வையை உடம்புக்கு வெளியேதானே போர்க்கின்றோம்! வெளியே போர்த்தால் கொங்கிறீற்றுச் சுவர் முழுவதும் வீட்டின் சூட்டிலே இருக்கும், வியர்க்காது. ஆனால் அதற்கு வீட்டைச் சுற்றி அடிவரை அகழவேண்டும். எமக்கோ ஒரு பக்கத்தில் அயலவரின் காரோடும் பாதை, மறுபக்கத்தில் முதிர்ந்த மேப்பிள் மரம். கேட்ட தொகையும் கைக்கு எட்டவில்லை. ஆகவே உட்புறமே வழியாயிற்று.

உட்புறம் போர்த்தால் வெளியேயுள்ள சுவர் முன்னைவிடக் குளிரும். எனவே நீர் வரும் வழிகளை முதலில் அடைத்தே தீரவேண்டும். முதற் கோடை அதற்கே சென்றது: பீலிக் குழாயை ஆறடி தூரம் நீட்டினோம், மண்ணை வெளிவாட்டமாக்கினோம், வெடிப்புகளை அடைத்தோம், மாரி கழிந்து பனி உருகும் காலமும் ஒருமுறை வந்துபோகட்டும் எனச் சுவரை வெறுமையாகவே விட்டோம். பொறுமை இல்லாதவர் இவ்வேலையைத் தொடங்காதிருத்தல் நலம்.

அடுத்த கோடையில் இரண்டங்குலத் தடிப்புள்ள இறுகிய நுரைப்பலகைகளைக் கொங்கிறீற்றின்மீது இடைவெளியின்றிப் பசையிட்டு ஒட்டினோம். இலங்கையில் ரெஜிபோம் என வழங்கும் பொருளுக்கு நெருங்கிய உறவு இது, அதனினும் இறுக்கமானது. இதில் ஓர் அங்குலம், எட்டங்குலக் கொங்கிறீற்றைவிடப் பல மடங்கு வெப்பத்தைத் தடுக்கும். அறையின் ஈரக்காற்று குளிர்ந்த சுவரைத் தொடமுடியாது என்பதே இதன் சிறப்பு. பொருத்துகள் யாவற்றையும் நாடாவால் ஒட்டினோம். சுவரின் தலையில் வீட்டுத் தளத்தின் மரச்சட்டங்கள் அமரும் இடத்தில், சாமித்தட்டிலிருந்து எடுத்த ஊதுபத்தியைப் பிடித்தபோது புகை படுக்கையாய் ஓடியது! அவ்விடத்துத் துவாரங்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு சிறு யன்னல் அளவு இருக்கும் என்றார் கொந்திராத்துக்காரர். பீச்சும் நுரையால் அவற்றை நிரப்பப் பிந்நேரம் முழுவதும் சென்றது. பின்பு மரச்சட்டம் நாட்டி, அதனிடையே பஞ்சு வைத்து, அரை அங்குல ஜிப்சம் பலகையால் மூடினோம். தீப்பிடித்தால் நுரைப்பலகை நச்சுப்புகை கக்கும். அதனைத் திறந்தபடி விடலாகாது. பொலித்தீன் தாள் இம்முறை வைக்கவில்லை. நுரைப்பலகையே அதன் வேலையைச் செய்கின்றது.

காவலில்லாத நிலக்கீழ்ச் சுவர்களால் வீட்டு வெப்பத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெளியேறக்கூடும் என்பர். எமது எரிவாயுக் கட்டணமும் குறைந்ததுதான். ஆயினும் எமக்கு மகிழ்ச்சி தந்தது வேறொன்று. சென்ற மாசியில், வெளியே உறைநிலைக்குக் கீழ் 18 பாகை நின்ற ஓரிரவில், புதுச்சுவரின் உட்பக்கம் 19 பாகை காட்டியது. மாமி உள்ளங்கையை அதில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் கூறாமல் மாடியேறினார்.

பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்க்கு இரண்டொரு சொல். மண்ணிலிருந்து கசியும் ரேடன் என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகைத்தலுக்கு அடுத்தபடி சுவாசப்பைப் புற்றுநோய்க்குக் காரணம் அதுவே. கனடிய அரசு 2007இல் அதற்குப் பரிந்துரைத்த எல்லை கனமீற்றருக்கு 200 பெக்கரல். மாரிகாலத்தில் மூன்று மாதம் ஒரு சிறு கருவியை வைத்து அளக்கலாம்; எமது அறை எல்லைக்குள் நின்றது. உறங்கும் அறைக்குத் தீயின்போது வெளியேறத்தக்க யன்னல் வேண்டும். ஒன்ராறியோவின் விதி 0.35 சதுரமீற்றர் திறப்பு, எப்பக்கமும் 38 சதமமீற்றருக்குக் குறையாமல். வாடகை எவ்வளவு என்று கேட்கும்போதே இவற்றையும் கேட்கலாம். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடும்படியும் பிள்ளைக்குச் சொல்லலாம்.

நேற்றும் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "கீழ் அறை எண்டால் பிள்ளைக்குச் சளி பிடிக்காதோ?" என்றாள். 19 பாகைக் கதையைக் கூறினோம். அவளுக்கு அதில் நாட்டம் இல்லை. யன்னலால் வானம் தெரியுமா என்று கேட்டாள். மேப்பிள் மரத்தின் அடியும், அதன்மேல் ஒரு முழம் வானமும் தெரியும் என்றோம்.