கிணற்றைத் தேடி மயிலிட்டிக்கு

தெல்லிப்பழை தாண்டியதும் பெரியப்பா பேச்சை நிறுத்திவிட்டார். 1990இல் நின்றுபோன ரயில் காங்கேசன்துறைவரை மறுபடி ஓடத் தொடங்கியது 2015 ஜனவரியில். அப்போதும் மயிலிட்டிக்காரருக்கு ஊர் திரும்பக் கிடைக்கவில்லை. துறைமுகத்தோடு சேர்ந்த 54 ஏக்கர் இராணுவத்திடமிருந்து விடுபட்டது 2017 ஜூலை 3ஆம் திகதி. அதற்குள் 27 வருடங்கள், கோணப்புலம் போன்ற முகாம்களிலும் சொந்தக்காரர் வளவுகளிலுமாகக் கழிந்துவிட்டன.

காங்கேசன்துறையில் இறங்கி ஓட்டோவில் கிழக்கே போனோம். இடப்பக்கம் கடல் கூடவே வந்தது. துறைமுகத்தைத் திருத்திக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் கண்ணில் முதலில் படுவது கடற்படை பிடித்துவைத்த தமிழ்நாட்டு இழுவைப்படகுகள். ஒருவருடைய சீவியம் அங்கே உக்கிக் கிடக்கிறது. இந்தக் கரையின் வலைகளை அறுத்தவையும் இப்படியான படகுகள்தான் என்பதால் இரக்கப்பட முழு மனது வரவில்லை.

வீடிருந்த ஒழுங்கையே இல்லை. மதில்கூட மிஞ்சாமல் எல்லாம் தரைமட்டம். அதன்மேல் ஆளுயரப் பற்றை.

"வீட்டைத் தேடாத தம்பி, கிணத்தைத் தேடு" என்றார் பெரியப்பா.

அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. யாழ் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைத்தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்கினால்தான் குடிக்க உண்டு. கல்லை உடைத்துக் கிணறு வெட்டினால்தான் இங்கே வீடு. சுவரை இடித்துக் கல்லையும் நிலையையும் அள்ளிக்கொண்டு போய்விடலாம். பாறைக்குள் இறக்கிய கிணற்றை எங்கே கொண்டுபோவது?

மூன்றாவது கிணற்றில் பெரியப்பா நின்றார். கட்டு பாதி சரிந்திருந்தது. உடுப்புத் தோய்க்கிற கல்லை இலைகளுக்குள்ளால் தடவிப் பார்த்தார். ஒரு மூலை உடைந்திருந்தது.

"இதை உடைச்சது உன்ர கொப்பர். அடி வாங்கினது நான்."

அதற்குப் பிறகு அவருக்கு வழி தெரிந்துவிட்டது. கிணற்றிலிருந்து எட்டு வைத்துக் குசினி, அதற்கு முன்னால் சாமியறை, அங்கால படலை என்று பற்றைக்குள் நடந்து காட்டினார். கண்ணகி அம்மன் கோயில் மணி எந்தப் பக்கமிருந்து கேட்கும், கடற்காற்று நெஞ்சுக்கு நல்லதென்று கட்டிய காசநோய் ஆஸ்பத்திரிக்கு எந்த ஒழுங்கையால் போவது என்பதெல்லாம் அந்தக் கிணற்றடியில் நின்றபடியே கைநீட்டிச் சொன்னார். எனக்குத் தெரிந்ததெல்லாம் எருக்கலையும் நாயுண்ணியும்தான்.

ஊரின் ஒரு பகுதி இன்னும் முள்ளுக்கம்பிக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. பெரியப்பாவின் தோட்டக்காணியும் அதற்குள்தான்.

மயிலிட்டிக்குப் போகிறவர்கள் துறைமுகத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட வேண்டாம். வயதான ஒருவரையும் கூட்டிக்கொண்டு உள்ளே நடந்து பாருங்கள். கவனம், கட்டில்லாத கிணறுகள் உண்டு. பற்றைக்குள் பார்த்துக் கால் வையுங்கள்.