செப்பேட்டின் பின்பாதி

“ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே பாகூரில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது.” புதுச்சேரிப் பக்கம் வளர்ந்தவர்கள் இந்த வரியை எங்காவது படித்திருப்பார்கள். பள்ளி ஆண்டு மலரில் வரும், குடமுழுக்கு மலரில் வரும், நவம்பர் 1 விடுதலை நாளுக்கு நாளிதழ்கள் போடும் சிறப்புப் பக்கத்திலும் வரும். எங்கே வந்தாலும் கிட்டத்தட்ட அதே சொற்கள். அங்கே யார் படித்தார்கள், என்ன படித்தார்கள், அவர்களுக்குச் சோறு போட்டது யார் என்று அதற்கு மேல் ஒரு வரி இருக்காது. பெருமை மட்டும் இருக்கும். எனக்கும் அந்தப் பெருமை உண்டு, பாகூர் ஏரித் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்றவன்தானே. ஆனாலும் அந்த வரி எங்கிருந்து கிளம்பி வந்தது என்று பார்த்தாக வேண்டும் என்று தோன்றியது.

மலர்க் கட்டுரைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை. அவற்றைத் தாண்டிப் பின்னே போனால் வரலாற்று நூல்கள் வருகின்றன. சி. மீனாட்சி பல்லவர் கால ஆட்சியையும் சமூக வாழ்வையும் ஆராய்ந்து ஆங்கிலத்தில் எழுதிய நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1938இல் வெளியிட்டது. காஞ்சியிலிருந்த கடிகை என்ற கல்விக்கூடத்தைப் பற்றிப் பேசும்போது அவர் பாகூரையும் பேசுகிறார். அளந்து எழுதியிருக்கிறார். அவர் காட்டுவது வடமொழிக் கல்வி நடந்த ஓர் இடம். அதற்குப் பிறகு வந்த வெகுசன எழுத்தில் அந்தக் கல்லூரி பல்கலைக்கழகமாக வளர்ந்துவிட்டது. நடுவில் புதிய கல்வெட்டோ ஏடோ கிடைத்ததாக நான் படித்த எந்தக் கட்டுரையும் சொல்லவில்லை.

எல்லாருக்கும் ஆதாரம் ஒன்றே ஒன்றுதான்: பாகூர்ச் செப்பேடு. 1879இல் ழூல் தெலாஃபோன் என்ற பிரெஞ்சுக்காரரின் முயற்சியால் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. ஐந்து ஏடுகள், அவற்றைக் கோத்த வளையம், பல்லவரின் காளை இலச்சினை. நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பொறிக்கப்பட்டது. ஊரின் பெயர் அதில் வாகூர். ஹுல்ட்ஷ் பதிப்பித்த பாடம் ‘எபிகிராபியா இண்டிகா’வின் 18ஆம் தொகுதியில் இருக்கிறது. நூலகத்தில் அந்தத் தொகுதியை வாங்கி மேசையில் விரித்தபோது முதலில் கண்ணில் பட்டது, ஒரே ஏட்டில் இரண்டு மொழிகள் இருப்பது. முன்பாதி கிரந்த எழுத்தில் வடமொழிச் செய்யுள். பின்பாதி தமிழ் உரைநடை. இரண்டும் ஒரே கொடையைத்தான் சொல்கின்றன. ஆனால் ஒன்றைப் படித்து எழும்போது மனதில் நிற்கும் பாகூர் வேறு, மற்றதைப் படித்து எழும்போது நிற்கும் பாகூர் வேறு.

செய்யுளை இயற்றியவர் நாகயர் என்ற புலவர். திருமாலின் உந்தித் தாமரையில் தொடங்குகிறார். பிரமன், அங்கிரசு, பிரகஸ்பதி, பரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன் என்று இறங்கிப் பல்லவன் என்ற முன்னோனுக்கு வந்து, தந்திவர்மன், நந்திவர்மன், நந்திவர்மன் மணந்த இராட்டிரகூட இளவரசி சங்கா, அவர்கள் மகன் நிருபதுங்கன் என்று குலவரிசையைச் சொல்லி முடிக்கிறார். பிறகு அவன் வென்ற அரிசில் ஆற்றங்கரைப் போர். கொடைக்கு வேண்டுகோள் வைத்த வேசாலிப் பேரரையனின் குலப்பெருமை. அதற்கப்புறம்தான் வாகூர். கங்கையைச் சடையில் தாங்கிய சிவனைப் போல, அலை புரண்டு வந்த வித்தை என்னும் ஆற்றை வாகூர் தாங்கி நிறுத்தியதாம். அதனால் அது வித்யாஸ்தானமாம், கல்வியின் இருப்பிடமாம். அழகான கற்பனை. பல்கலைக்கழகம் இந்தச் செய்யுளிலிருந்துதான் புறப்பட்டது. அங்கே கற்பிக்கப்பட்டவை நான்கு வேதம், ஆறு அங்கம், மீமாம்சை, நியாயம், புராணம், தர்மசாத்திரம் ஆகிய பதினான்கு என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். வேதம் ஓதும் உரிமை இல்லாத யாரும் அந்த வாசலை மிதித்திருக்க வழியில்லை. ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்தவன் பிள்ளைக்கு அங்கே இடம் கிடையாது. பல்கலைக்கழகம் என்று அச்சிடும் போதெல்லாம் இந்தச் செய்தி மறைந்துபோகிறது. இன்றைய பிள்ளை தன் பாட்டனும் அங்கே படித்திருப்பான் என்று நினைத்துக்கொள்கிறது.

தமிழ்ப் பாதிக்கு வந்தால் பேச்சே மாறுகிறது. அதற்குக் குலவரிசையில் அக்கறை இல்லை. அருவா நாட்டு வாகூர் நாட்டாரைப் பார்த்து நேரடியாக ஆணை பேசுகிறது. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்களும், அவற்றில் கோயிலுக்கும் பிராமணருக்கும் முன்பே விட்ட தேவதான, பிரமதேய நிலங்கள் நீங்கலாக, வாகூர் வித்யாஸ்தானத்தாருக்கு கல்விக் கொடையான வித்யாபோகமாகக் கொடுக்கப்படுகின்றன. மன்னனின் ஆணையான திருமுகம் வந்ததும் நாட்டார் அதைத் தொழுது தலைமேல் வைத்து, எல்லை சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, எல்லையைக் குறித்த அறையோலை எழுதித் தந்திருக்கிறார்கள். பிறகு கீழ்பால் எல்லை, தென்பால் எல்லை என்று ஒவ்வொன்றாக வருகிறது. கடைசியில் ஏட்டைப் பொறித்த கச்சிப்பேட்டுத் தட்டாரின் பெயரும் இருக்கிறது: உதிதோதயப் பெருந்தட்டான்.

இந்தப் பகுதியை நான் மெதுவாகப் படித்தேன், திரும்பத் திரும்பப் படித்தேன். ஏனென்றால் இதில் மனிதர்கள் நடக்கிறார்கள். கள்ளிக் கன்றைத் தூக்கிக்கொண்டு வரப்பில் போகிறார்கள். எந்த ஓடைக்கு இப்புறம், எந்தக் காட்டுக்கு அப்புறம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். மன்னனுக்கோ நாகயருக்கோ தெரியாது. அன்றிலிருந்து மூன்று ஊரின் விளைச்சலில் அரசுக்குப் போன பங்கு வித்யாஸ்தானத்துக்குப் போனது. வாகூரில் ஓதிய ஒவ்வொரு மாணவனின் இலையிலும் விழுந்தது சேட்டுப்பாக்கத்து நெல், கடுவனூர் நெல், இறைப்புனைச்சேரி நெல். ஓர் ஊர் கல்விக்குப் பெயர் பெற வேண்டுமானால் மூன்று ஊர் உழ வேண்டியிருந்தது. செப்பேட்டிலேயே இது இருக்கிறது, ஒளித்து வைக்கப்படவில்லை, அதுவும் தமிழில். இருந்தும் நான் புரட்டிய மலர்களில் ஒன்றுகூட இந்த மூன்று பெயர்களை அச்சிடவில்லை.

ஏன் என்று யோசித்தால், முன்பாதியில் மேற்கோள் காட்ட வசதியான வரிகள் இருக்கின்றன. தலைப்புக்கு ஏற்ற பெருமை இருக்கிறது. பின்பாதியில் எல்லைக் கணக்கு. பத்திரிகைக்கு முதலாவது போதும். ஆகவே மன்னன் சார்பில் ஒரு புலவர் எழுதியதை, மன்னர் ஆட்சியெல்லாம் முடிந்த பிறகும், குடியாட்சிக் காலத்துப் பத்திரிகைகள் தங்கள் குரலில் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்கின்றன. எனக்கு இதுதான் வருத்தம். புதுச்சேரி நகரமே பழைய வேதபுரி, அகத்தியர் இருந்த இடம் என்று சொல்லப்படும் கதைக்கும் சில வேளை பாகூர் ஏடு துணைக்கு அழைக்கப்படுகிறது. அப்போது பாகூர் என்ற ஊரே காணாமல் போய், நகரத்தின் பழம்பெருமைக்கு ஒரு சான்றிதழாக மட்டும் நிற்கிறது.

ஆங்கிலப் புத்தகங்களில் பாகூர் இன்னொன்று. அங்கே அது ஒரு போர்க்களம். 1752இல் ஸ்ட்ரிங்கர் லாரன்சின் படை, பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் உறவினர் கெர்ழானின் பிரெஞ்சுப் படையை இங்கே தோற்கடித்து அவரையும் பிடித்தது. கர்நாடகப் போர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்குப் பாகூர் அந்த ஒரு நாள்தான். வயல் யாருடையது, பயிர் என்ன ஆயிற்று என்று கேட்க அவர்களுக்குத் தேவை இருக்கவில்லை.

வேறு மாதிரி எழுதியவர் உள்ளூரிலேயே இருந்தார். பாகூர்ப் புலவர் சு. குப்புசாமி. புதுச்சேரி மாநிலத்துக் கல்வெட்டுகளை ஊர் ஊராகப் போய்த் திரட்டியவர். அவருடைய தொகுப்பு கோ. விஜயவேணுகோபாலின் பதிப்பில் 2006இல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களின் வெளியீடாக வந்தது. இரண்டாம் பகுதி 2010இல் வந்தது. பாகூர் மூலநாதர் கோயில் சுவரை இந்தத் தொகுப்போடு நின்று பார்க்க வேண்டும். சோழர் கல்வெட்டுகளுக்கு இடையே இராட்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனின் காலத்தவையும் இருக்கின்றன. தமிழ்க் கல்வெட்டில் அவன் பெயர் கன்னரதேவன். விரலால் தடவிப் படிக்கும் உயரத்தில் எழுத்துகள் ஓடுகின்றன. சில இடத்தில் சுண்ணாம்பு அடைத்திருக்கிறது, சில இடத்தில் கல் பொரிந்து ஒரு சொல் பாதியில் நிற்கிறது. படிக்கக் கிடைப்பதில் பெரும்பாலானவை நிலம், விளக்கு, ஆடு, நெல், ஊர்ச்சபையின் முடிவு. ஒரு தமிழாசிரியரின் பொறுமை இல்லாவிட்டால் இவை நூலாகியிருக்காது. குப்புசாமியின் பெயரைப் பாகூரில் இன்னும் பலமாகச் சொல்ல வேண்டும்.

பாகூரிலிருந்து வில்லியனூர்ப் பக்கம் போனால், யார் பெயர் எழுதப்படுகிறது, யார் பெயர் விடுபடுகிறது என்ற இதே கேள்வி அண்மைக் காலத்துக்கு வந்துவிடுகிறது. வில்லியனூர் கொம்யூனில் இருக்கிறது கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று அங்கே நடந்த வாக்கெடுப்பில், பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விலகி இந்தியாவுடன் இணைய 170 பேரும் எதிராக 8 பேரும் வாக்களித்தார்கள். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. நினைவுமண்டபம் நிற்கிறது, ஆகஸ்ட் 16 தோறும் கொடி ஏறுகிறது. ‘மக்கள் வாக்கெடுப்பு’ என்றே இதழ்கள் பல முறை எழுதிவிட்டதால், ஊர்மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள் என்று நினைக்கும் இளைஞர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். வாக்களித்த 178 பேர் சட்டமன்றப் பிரதிநிதிகளும் நகரமன்ற உறுப்பினர்களும்தான். எந்த நிலப்பகுதியையும் அங்குள்ள மக்களின் இசைவு இல்லாமல் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று 1946ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொன்னது. அதற்காகக் கண்ட வழி இது. இணைப்பு ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானது, சட்டப்படி முழுமையானது 1962 ஆகஸ்ட் 16இல். இணைப்பு வேண்டும் என்று நம் ஊர்கள் கேட்டதில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை. அந்த விருப்பம் வெறும் எண்ணிக்கையாகச் சுருங்கிவிட்டதுதான் குறை. விடுதலைப் போராட்டத் தலைவர் வ. சுப்பையா 1934இல் தொடங்கிய ‘சுதந்திரம்’ இதழும், 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த பன்னிரண்டு ஆலைத் தொழிலாளிகளும், அந்த ஆலைகளுக்கு வேலைக்குப் போய்வந்த சுற்று வட்டாரத்து ஆட்களும் சேர்ந்துதான் கீழூர் வரைக்கும் பாதை போட்டார்கள். சிறப்புப் பக்கத்தில் 170–8 மட்டும் இருக்கும்.

கடுவனூர் என்ற பெயரில் பாகூர் கொம்யூனில் இன்றும் ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பெரியவரிடம் செப்பேட்டைப் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். “நம்ம ஊரு பேரு அதுல இருக்குதா?” என்றார். பிறகு, “படிச்சவங்க யாரும் இத எங்களாண்ட சொன்னதில்லியே” என்றார். அவருக்குத் தெரிந்த வரலாறு வேறு. பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால்தான் அவர் பேச்சில் வந்தது. பங்காரி, சிங்காரி என்று அக்கா தங்கை இரண்டு பேர், கோயிலில் ஆடியவர்கள், சேர்த்த காசையெல்லாம் போட்டு வெட்டியது என்று சொன்னார். அவர் பாட்டி சொன்னாராம். “அந்தம்மாக்கள் வெட்லன்னா இந்தப் பக்கம் ஏதுங்க நெல்லு?”

செப்பேட்டில் இந்தப் பெண்கள் இல்லை. ஆனால் ஏரியும் வாய்க்காலும் இல்லாமல் பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று யாரும் அழைத்திருக்க மாட்டார்கள். வாய்க்கதையை அப்படியே வரலாறாக எழுதிவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பிரமனிலிருந்து பல்லவனைப் பிறக்க வைத்த செய்யுளுக்குச் சிறப்பிதழில் இடம் தருபவர்கள், வாய்க்கால் வெட்டிய பெண்களின் கதைக்கும் இடம் தரலாம்; இரண்டையும் ஒரே அளவு ஐயத்தோடு, ஒரே அளவு மரியாதையோடு படிக்கலாம்.

அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பணியாற்றும் தமிழாசிரியை ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது, “அப்ப பல்கலைக்கழகம்னு எழுத வேணாங்களா, ஐயா?” என்று கேட்டார். வடமொழிக் கல்லூரி என்று எழுதுங்கள், கூடவே மூன்று ஊர்ப் பெயரையும் போடுங்கள், பெருந்தட்டானையும் விட்டுவிடாதீர்கள் என்றேன். அவர் குறிப்பேட்டை எடுத்து மூன்று பெயர்களையும் எழுதிக்கொண்டார். கடுவனூர்ப் பிள்ளைகள் தம் வகுப்பில் இருக்கிறார்களாம். வாய்க்கால் கதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, யார் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதிவரச் சொல்கிறேன் என்றார். இந்த ஆண்டு மலருக்கு இன்னும் நேரம் இருக்கிறது.