ஒரு நாள், ஒரு ரயில், குர்துபா

பயிற்சிக்காக மட்ரிட் போன எங்களுக்கு ஒரே ஒரு நாள் லீவு கிடைத்தது. துணைக்கு ஆளில்லை, கார் ஓட்டவும் தெரியாது.

டொலிடோ என்றால் ரயிலில் அரை மணித்தியாலம்தான். 999இல் கட்டிய சிறிய பள்ளிவாசலும் அங்குண்டு. குர்துபாவுக்கு அதிவேக ரயிலிலேயே ஒன்றே முக்கால் மணித்தியாலம்; டிக்கட் விலையும் கூட.

குர்துபாவையே தெரிவு செய்தோம். வருடா வருடம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் பெயரல்லவா! ஸ்டேஷனிலிருந்து நடந்தே போனோம். எண்ணூறுக்கும் மேற்பட்ட தூண்கள். 1236 முதல் அது தேவாலயம். மிஹ்ராப் கண்முன்னே இருக்கிறது, தொழ அனுமதியில்லை. மனசுக்குள் துஆ கேட்டுவிட்டு வந்தோம்.

தனியே போகிறவர்களே, திரும்பி வரும் கடைசி ரயிலின் நேரத்தை முதலில் பாருங்கள். அதற்குள் அடங்குமென்றால், கிட்ட இருக்கும் ஊரை விட மனசு கேட்கும் ஊருக்கே போங்கள்.