மணல்நாட்டு மதில்களும் நீர்நிலைகளும்

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்திணைகளையும் எம் பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் ஒப்புவிக்கக் கேட்டிருக்கின்றோம். முதல் நான்கையும் அவர்களுக்கு நேரிற் காட்டுதல் எளிது. மலையும் காடும் வயலும் கடலும் நாம் குடியேறி வாழும் நாடுகளிலும் உண்டு. பாலையை மட்டும் படத்திலன்றிக் காட்ட இயலவில்லை. மழை பொய்த்த காலத்தில் முல்லையும் குறிஞ்சியும் வறண்டு பாலையாகும் என்றே நம் முன்னோர் கொண்டனர். ஆண்டு முழுவதும் வறண்டே கிடக்கும் நிலம் ஒன்றைக் காணும் ஆவலுடன், ஒரு மார்கழி விடுமுறையில் நாங்கள் நால்வரும் இராஜஸ்தானுக்குப் பயணமானோம்.

அரண்மனைகளைக் காணவே பலரும் அங்குச் செல்கின்றனர். நாங்களும் அவ்வாறே சென்றோம். 1727-இல் இரண்டாம் சவாய் ஜெய்சிங் கட்டளைப்படி எழுந்த ஜெய்ப்பூர் நகரத்தில், அவ்வரசர் அமைத்த ஜந்தர் மந்தர் வானாய்வுக் கூடத்தில் ஒரு காலை முழுவதையும் கழித்தோம். அங்குள்ள பெரிய சூரிய கடிகாரம் ஏறத்தாழ 27 மீற்றர் உயரமானது. அதன் நிழல் நகர்வதைக் கண்ணாற் காணலாம். எம் மகன் அவ்விடத்தை விட்டு வர மறுத்துவிட்டான். மற்றபடி ஜெய்ப்பூரைப் பற்றி எழுதியோர் பலர். ஆதலின் மேற்கே செல்வோம்.

ஜோத்பூரை மேற்குத் திசையில் பாலைவனத்தின் வாயில் எனலாம். ராவ் ஜோதா என்னும் இராஜபுத்திர அரசர் 1459-இல் இங்கே மெஹ்ரான்கர் கோட்டைக்கு அடிக்கல் நாட்டினார். நகருக்கு மேலே நூறு மீற்றருக்கும் அதிகமான உயரத்தில், பாறை எங்கே முடிகின்றது, மதில் எங்கே தொடங்குகின்றது என்று பிரித்தறிய இயலாதவாறு அக்கோட்டை நிற்கின்றது. அம்மலையில் முன்பே வாழ்ந்த துறவி ஒருவரை அரசர் வெளியேற்றினார் என்றும், அவர் இந்நகர் நீரின்றி வாடுக என்று சபித்தார் என்றும், சாபம் நீங்க இராஜாராம் மேக்வால் என்பவர் அடித்தளத்தில் உயிரோடு புதைக்கப்பட்டார் என்றும் அங்கே கதை வழங்குகின்றது. அவருடைய நினைவுக் கல்லும் கோட்டையில் உண்டு. கதை எவ்வாறாயினும், அரசனுக்கு மதில் எளிதாகவும் நீர் அரிதாகவும் இருந்தமை இதனாற் புலப்படுகின்றது.

லோஹா போல் என்னும் இரும்பு வாயிலை அடைந்தபோது எம் மகள் நின்றுவிட்டாள். சுவரிலே சிறு சிறு கைகள் வரிசையாகப் பதிக்கப்பட்டுச் செந்நிறம் பூசப்பெற்றிருந்தன. அவை கணவனோடு தீப்புகுந்த அரச மகளிரின் கைத்தடங்கள். 1843-இல் மகாராஜா மான்சிங் மறைந்தபோது அவருடைய தேவியரும் அவ்வாறே சென்றனர். வங்காளத்தில் ஆங்கிலேயர் அவ்வழக்கத்தை 1829-இலேயே தடைசெய்திருந்தும், அச்சட்டம் சமஸ்தானங்களைக் கட்டுப்படுத்தவில்லை. வழிகாட்டி பெருமிதம் கலந்த குரலில் விளக்கிக்கொண்டிருந்தார். "இவர்களுடைய பெயர் என்ன?" என்று மகள் வினவினாள். அவர் மன்னர் பெயரையே மறுபடியும் கூறினார். அக்கைகளுட் சில அவளுடைய கையைக் காட்டிலும் சிறியவை. இதில் வியந்து போற்றத்தக்கது எதுவும் இல்லை என்பதைப் பிள்ளைகளிடம் அவ்விடத்திலேயே கூறினோம். 1987-இல் இதே மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் இளம்பெண் ஒருத்தி இவ்வாறு மாண்டதையும், அதன் பின்னரே இவ்வழக்கத்தைப் போற்றுவதுங்கூடக் குற்றமெனச் சட்டம் இயற்றப்பட்டதையும் அன்றிரவு சொன்னோம்.

அரச மகளிரின் பெயர் வேறோரிடத்தில் எமக்குக் கிடைத்தது. கோட்டையின் அடிவாரத்தில் இராணிசர் என்றொரு நீர்நிலை உள்ளது. அதனை வெட்டுவித்தவர் ராவ் ஜோதாவின் தேவி ஜஸ்மாதே. பழைய நகருக்குள் தூர்ஜி கா ஜால்ரா என்னும் படிக்கிணறு இருக்கின்றது. 1740-களில் மகாராஜா அபய்சிங்கின் தேவி அதனைக் கட்டுவித்தார். செம்மணற்கல்லால் அமைந்த படிகள் முக்கோண முக்கோணமாக நீரை நோக்கி இறங்குகின்றன. நீர்மட்டம் எவ்வளவு தாழ்ந்தாலும் குடத்துடன் வரும் பெண்ணின் கால் ஒரு படியைத் தொட்டே நிற்கும். நெடுங்காலம் குப்பையும் மண்ணும் மூடிக் கிடந்த இக்கிணறு அண்மைக் காலத்தில் தூர்வாரப்பட்டது. நாங்கள் சென்ற மாலையில் அயற்சிறுவர்கள் உயரத்திலிருந்து அதனுள்ளே குதித்து விளையாடிக்கொண்டிருந்தனர். கிணற்றடியிலேயே வளர்ந்த யாழ்ப்பாணத்தவர் ஆகிய எங்களுக்கு அவ்விடத்தை விட்டு எழ மனம் வரவில்லை.

அதே அபய்சிங் ஆட்சியில், 1730-இல், நிகழ்ந்த மற்றொன்றையும் இங்கே கூறவேண்டும். புதிய அரண்மனைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டி, கேஜர்லி என்னும் ஊரின் மரங்களை வெட்ட ஆட்கள் ஏவப்பட்டனர். மரங்களை உயிரெனப் பேணும் பிஷ்ணோய் மக்களின் ஊர் அது. அமிர்தாதேவி என்ற பெண் முதலில் ஒரு மரத்தைத் தழுவி நின்று வெட்டுண்டாள். அவளைத் தொடர்ந்து அவளுடைய புதல்வியரும் ஊராருமாக மொத்தம் 363 பேர் மாண்டனர் என்பர். பின்னரே மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. அம்மரத்தை அங்கே கேஜ்ரி என்கின்றனர். மாணவர்களே, அது நமக்குப் புதியதன்று. விருத்தாசலத்தில் தலமரமாகவும், விசயதசமியன்று மானம்பூத் திருவிழாவிலும் நாம் காணும் வன்னியே அது. பாலையில் ஆடுமாடுகளுக்கு இலையும் மனிதருக்குக் காயும் நிழலும் தருவது. மதிலுக்கு வேண்டிய சுண்ணாம்பைக் காட்டிலும் நிழல் அவர்களுக்குப் பெரிதாயிற்று.

ஜோத்பூரிலிருந்து இரவுப் புகையிரதத்தில் ஜெய்சல்மேர் சென்றோம். விடியற்காலையில் சாளரத்துக்கு வெளியே முட்செடிகளும் மணலுமே தெரிந்தன. ஆண்டு முழுவதும் இங்கே பெய்யும் மழை சராசரியாக ஏறத்தாழ 20 சென்ரிமீற்றரே. ராவல் ஜெய்சல் 1156-இல் தோற்றுவித்த கோட்டை, 99 கொத்தளங்களுடன் மஞ்சள் மணற்கல்லால் எழுந்து, காலை வெயிலில் பொன்போல் மின்னியது. ஒட்டக வணிகர் தந்த சுங்கத்தால் செழித்த ஊர் இது. கடல்வழி வாணிகம் வளர்ந்தபின் நலிந்தது.

ஊருக்கு வெளியே உள்ள கடிசர் குளத்தை 14-ஆம் நூற்றாண்டில் ராவல் கட்சி அமைத்தார். குழாய்நீர் வரும்வரை ஊர் முழுவதும் இதனையே நம்பியிருந்தது. குளத்துக்குச் செல்லும் வாயிலைத் திலோன் என்ற நடனமங்கை கட்டுவித்தாள் என்றும், அவள் கட்டிய வாயிலின் வழியே செல்லுதல் தகாது என அரச குடும்பம் அதனை இடிக்க எண்ணியபோது, அவள் அதன் உச்சியில் கண்ணனுக்குக் கோயில் எடுத்துவிட்டாள் என்றும் கூறுகின்றனர். வாயில் இன்றும் நிற்கின்றது. எம் மகளுக்கு இப்பயணத்தில் மிகப் பிடித்த கதை இதுவே.

ஜெய்சல்மேர்க் கோட்டையினுள் இன்றும் சில ஆயிரம் மக்கள் வாழ்கின்றனர். பிற கோட்டைகளிற் பெரும்பாலானவை காட்சிக்கூடங்களாகிவிட்டன. இங்கோ சந்துகளில் பசுக்கள் நிற்கின்றன, பிள்ளைகள் பட்டம் விடுகின்றனர், மாடங்களில் துணி காய்கின்றது. ஆயினும் கோட்டைக்கு ஒரு நோய் உண்டு. அந்நோய்க்குக் காரணம் நீர்! பெண்கள் கடிசரிலிருந்து குடத்திற் சுமந்து வந்த காலத்தில் ஒவ்வொரு துளியும் எண்ணிச் செலவிடப்பட்டது. குழாய் வந்தபின், விடுதிகளும் பெருகியபின், அன்றாடம் ஊற்றப்படும் நீர் பன்மடங்காயிற்று. பழைய வடிகால்கள் அதனைத் தாங்கவில்லை. கசிந்த நீர் குன்றின் மென்பாறையை நெகிழச் செய்து கொத்தளங்களைச் சரிக்கின்றது. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996-இலேயே இதனை அழிவை எதிர்நோக்கும் இடங்களின் பட்டியலிற் சேர்த்தது. 2013-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமும் ஆயிற்று. 2024 ஆகஸ்ட் மழையில் மதிலின் ஒரு பகுதி மீண்டும் சரிந்தது.

இதனை அறிந்தே நாங்கள் கோட்டைக்குள் தங்காது வெளியிலுள்ள விடுதியில் தங்கினோம். குடியிருப்போர் அனைவரையும் வெளியேற்றுதலே வழி என்பாரும் உளர். எமக்கு அதில் உடன்பாடில்லை. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அக்கோட்டையில் அடுப்பெரித்து வருவோர் அவர்கள். விடுதிகளைக் குறைத்து, வடிகாலைச் செம்மை செய்தல் கடினமாயினும் அதுவே முறை எனத் தோன்றுகின்றது.

சமண ஆலயங்களுக்கு அருகே திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். எங்களுக்கு இந்தி தெரியாது. அவருடைய பேரன் ஆங்கிலத்தில் எடுத்துரைத்தான். சிறுமியாக இருந்தபோது நாளுக்கு இருமுறை கடிசருக்குச் சென்று தலையில் இரு குடம் வைத்துக் கோட்டை ஏறியதாகக் கூறினார். "அக்காலத்துக்குத் திரும்ப விரும்புகிறீர்களா, பாட்டி?" என்று எம் மகள் கேட்டாள். பேரன் மொழிபெயர்த்து முடிக்குமுன்பே கேள்வியை உணர்ந்தவர்போல் அவர் தம் கழுத்தைத் தடவிக் காட்டிச் சிரித்தார். குழாய் இருக்கட்டும், ஓட்டையை அடைக்க ஆள் வரட்டும் என்றார். பிறகு உள்ளே சென்று, எங்கள் நால்வருக்கும் ஒரே செம்பில் நீர் கொண்டுவந்தார். உதடு படாமல் உயர்த்திக் குடித்தோம்.